அம்மாவின் உயிரெழுத்துகள்

அம்மா வெளிநாட்டிலிருந்து அனுப்பிய மெசேஜ்களில் உயிரெழுத்து அநேகமாக இருக்காது. 'நலம்' என்று சொல்ல அவளுக்கு ஆங்கிலத்தில் என், எல், எம் என்ற மூன்று எழுத்துகள் போதும். 'சின்னவள் ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போகிறாளா' என்று கேட்க வேண்டுமானால் ஒரு வரி முழுக்க மெய்யெழுத்துகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும். வேறு யாராவது பார்த்தால் பஸ் நம்பர்த் தகட்டு எழுத்துகளை வரிசையாக எழுதி வைத்திருக்கிறார்கள் என்றுதான் நினைப்பார்கள். அதை வாசிக்கத் தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர், அக்காவும் நானும்.

அவளுக்கு எழுத வராது என்பது மட்டும் அதற்குக் காரணமல்ல. அப்போது எங்களிடம் இருந்ததும் அவளிடம் இருந்ததும் பட்டன் போன்கள். தமிழ் அதில் வராது. ஒரு பட்டனுக்குள் மூன்று நான்கு ஆங்கில எழுத்துகள் இருக்கும். 'ஐ' வேண்டுமென்றால் ஒரே பட்டனை மூன்று தடவை அழுத்த வேண்டும். 'ஓ' வேண்டுமென்றாலும் மூன்று தடவை. அம்மா வேலை செய்த வீட்டில் போன் வைத்திருக்க விடமாட்டார்கள். குளியலறை கழுவப் போகும்போது உடுப்புக்குள்ளிருந்து அதை எடுத்து, குழாயைத் திறந்து விட்டு, பட்டன் சத்தம் வெளியே போகாமல் அழுத்துவாளாம். அந்த அவசரத்தில் உயிரெழுத்துகளை விட்டுவிட்டாள். அவை இல்லாமலும் நாங்கள் வாசித்துக்கொள்வோம் என்று தெரிந்த பிறகு, நேரம் கிடைத்த நாளிலும் அவற்றைப் போடவில்லை.

மாத்தளை டவுனிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம் ஏறினால் எங்கள் தோட்டம். பாதி தேயிலை, பாதி மிளகும் கொக்கோவும். மிளகுக்கொடி படர்ந்த மரத்தில் கிளை வெட்டும்போது அப்பா விழுந்து முதுகை உடைத்துக்கொண்டார். எழுந்து நடந்தார், ஆனால் முழு நாள் வேலை செய்ய அவரால் முடியவில்லை. நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது அம்மா போனாள். இரண்டு வருடம் என்று பேச்சு. கலேவெலையிலிருந்து வந்த ஏஜென்ட் ஒருவன்தான் எல்லாவற்றையும் செய்தான். எங்கள் லயத்து வீட்டு வாசலில் நின்று, இரண்டு வருடம் கண்ணை மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும் என்று சிங்களத்தில் சொன்னான். நான் அன்று கண்ணை மூடித் திறந்து பார்த்தது நினைவிருக்கிறது.

அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். பதினோராம் வகுப்பில் சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு டவுனில் ஒரு கொமினிகேஷன் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். போட்டோ கொப்பி எடுப்பது, ரீலோட் போடுவது, சிம் விற்பது, வெளிநாட்டுக் கோல் எடுத்துக் கொடுப்பது. எங்கள் போனில் மெசேஜ்கள் நிறைந்துவிட்டால் பழையதை அழித்தால்தான் புதியது வரும். அழிப்பதற்கு முன்னால் ஒவ்வொன்றையும் எழுத்துப் பிசகாமல் கொப்பியில் எழுதி வைப்பது என் வேலை. அம்மா ஒரு எழுத்தைத் தவறாகப் போட்டிருந்தால் நானும் தவறாகவே எழுதுவேன். திருத்தினால் அது அம்மா எழுதியதாக இருக்காது என்று அந்த வயதிலேயே எனக்கு ஒரு கொள்கை இருந்தது.

ஏழாம் வகுப்பில் எனக்கு இன்னொரு கொள்கை வந்தது. பள்ளிக்கூடம் ஒன்றரைக்கு விடும். எங்கள் தோட்டத்துக்கு பஸ் மூன்றரைக்குத்தான். இடையில் இரண்டு மணி நேரம். கம்பியூட்டர் படிப்பிக்கும் சேர் அந்த நேரத்தில் பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் வைப்பார். மழைக்கு ஒதுங்கிய என்னைப் பார்த்துவிட்டு, "சும்மா நிக்காம உள்ள வந்து உக்காரு" என்றார். அப்படியாக நானும் பஸ்கால் என்ற கணினி மொழியில் நாலு வரி எழுதக் கற்றுக்கொண்டேன்.

ஒரு நாள் சேர் எல்லாருக்கும் ஒரு பயிற்சி கொடுத்தார். ஒரு வாக்கியத்தைக் கொடுத்தால் அதில் எத்தனை உயிரெழுத்து, எத்தனை மெய்யெழுத்து என்று கணினி சொல்ல வேண்டும். கேட்க எளிது. முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். அது ஏ, ஈ, ஐ, ஓ, யூ ஐந்தில் ஒன்றாக இருந்தால் ஒரு பெட்டியில் ஒன்றைக் கூட்ட வேண்டும். இல்லாவிட்டால் மற்றப் பெட்டியில் கூட்ட வேண்டும். முடிந்ததும் இரண்டு பெட்டிகளையும் காட்டச் சொல்ல வேண்டும்.

என் புரோகிராம் முதல் நாள் பிழையாகச் சொன்னது. சொற்களுக்கு நடுவே இருக்கும் வெற்றிடத்தையும், முற்றுப்புள்ளியையும், இலக்கங்களையும் மெய்யெழுத்து என்று எண்ணிவிட்டது. உயிர் இல்லாதது எல்லாம் மெய் என்று நான் சொல்லிக் கொடுத்திருந்தேன், அது அப்படியே நம்பிவிட்டது. பெரிய ஏயும் சின்ன ஏயும் ஒன்றுதான் என்பதும் அதற்குத் தெரியவில்லை. வெற்றிடத்துக்கு ஒரு பெட்டி, இலக்கத்துக்கு ஒரு பெட்டி, பெரிய எழுத்துகளுக்குத் தனியாக ஒரு வரி என்று சேர்த்துச் சேர்த்து, ஒரு வாரத்தில் சரி செய்துவிட்டேன். எதைக் கண்டாலும் எண்ண வேண்டும் என்பதுதான் அந்தப் புதிய கொள்கை. பஸ்ஸின் பெயர்ப்பலகை, சவர்க்கார உறை, மருந்துப் போத்தல். எண்ணுவதற்கு வேறு எதுவும் இல்லாமல் போனபோதுதான் அம்மாவின் மெசேஜ் கொப்பியைக் கம்பியூட்டர் லேபுக்குக் கொண்டு போனேன்.

அதற்குச் சில மாதங்களுக்கு முன்னால் வீட்டில் நடந்த ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். அம்மாவிடமிருந்து ஏழு வாரம் ஒன்றுமே வரவில்லை. மெசேஜும் இல்லை, மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை எடுக்கும் கோலும் இல்லை. நாங்கள் எடுத்தால் போன் அணைத்து வைக்கப்பட்டிருப்பதாக ஒரு பெண்குரல் சொன்னது. அப்பா இரண்டு தடவை கலேவெலைக்குப் போய் ஏஜென்டின் வீட்டு வாசலில் நின்றுவிட்டு வந்தார். "பலமு, பலமு" என்றானாம். பார்ப்போம், பார்ப்போம் என்று அர்த்தம். அப்பா சாப்பாட்டைக் குறைத்தார். பிறகு பேச்சைக் குறைத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் திரும்பும் இடத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்து, யாரோ வருவதாகச் சொல்லியிருப்பது போல, பகல் முழுக்கப் பாதையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒரு நாள் அக்கா வேலையிலிருந்து வந்தவுடனேயே சொன்னாள்.

"அம்மா இன்னைக்குக் கடைக்குப் பேசுச்சுப்பா. பழைய போன அந்த வீட்டு நோனா புடுங்கிக்கிட்டாளாம். புது நம்பர் குடுத்திருக்கு. ஆனா பேச முடியாதாம். மெசேஜ் மட்டுந்தான் அனுப்புமாம்."

சொல்லிக்கொண்டே அப்பாவின் போனை வாங்கி, பழைய இலக்கத்தை அழித்துவிட்டு, புதியதை அம்மா என்ற பெயரில் பதிந்தாள். இரண்டு நாள் கழித்து மெசேஜ் வந்தது. நான் வாசித்தேன். நலமாக இருக்கிறேன், பயப்பட வேண்டாம், அப்பாவை மருந்து ஒழுங்காகப் போடச் சொல்லு. அன்று அப்பா இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அக்கா அடுப்பைப் பார்த்தபடி இருந்தாள்.

லேபில் நான் பழைய மெசேஜ்களை ஒரு பக்கமும் புதிய மெசேஜ்களை ஒரு பக்கமும் வைத்து எண்ணினேன். பழையதில் நூறு எழுத்துக்குப் பதினொரு உயிரெழுத்து. புதியதில் நூறு எழுத்துக்கு நாற்பத்திரண்டு. என் புரோகிராம் மறுபடியும் பிழை விடுகிறது என்று நினைத்து விரலால் எண்ணிப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். அம்மா முன்னேறிவிட்டாள். அந்த வீட்டில் அவளுக்கு நேரம் கிடைக்கிறது. குழாயைத் திறந்துவிட்டு அவசரப்பட வேண்டியதில்லை, உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தாகப் போடுகிறாள். இதை நான் ஊகித்துச் சொல்லவில்லை, கணினி சொல்கிறது.

அந்த மாதம் பள்ளிக்கூடத்தில் கண்காட்சி நடக்கவிருந்தது. நான் ஒரு பெரிய தாளில் இரண்டு நிறத்தில் அட்டவணை கீறினேன். 'என் அம்மா உயிரெழுத்துகளைக் கற்றுக்கொண்ட விதம்' என்று தலைப்புப் போட்டேன். சேரிடம் கொண்டு போய்க் கொடுத்தபோது முதலில் சிரித்தார். பிறகு கொப்பியை வாங்கிப் புரட்டினார்.

"இது ரெண்டும் ஒரே ஆள் எழுதினதா?"

"ஆமா சேர். அம்மா."

"அம்மா இப்ப எங்க இருக்காங்க?"

சொன்னேன். அவர் கொப்பியை மூடினார். மூடிய பிறகும் கையிலேயே வைத்திருந்தார்.

"புரோகிராம் சரியா இருக்கு. கண்காட்சிக்கு வேற ஏதாவது எடுத்துக்குவோம். பாடப்புத்தகத்துல ஒரு பக்கம் எடுத்து எண்ணு. இத வீட்டுலயே வச்சுக்க."

பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு வராதது எனக்கு வந்துவிட்டதால் சேருக்கு மனமில்லை என்று முடிவு செய்தேன். மூன்றரை பஸ்ஸில் தாளைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, அழாமல் வீட்டுக்கு வந்தேன்.

வீட்டில் அப்பா மட்டும் இருந்தார். வெயில் இறங்கவில்லை. வாசலில் மிளகைக் காயப்போட்டுக் காலால் கிளறிக்கொண்டிருந்தார். நான் தாளைச் சாக்கின் மேல் விரித்து, நாலு மூலையிலும் கல் வைத்து, ஒரு ஆசிரியை மாதிரி விளக்கினேன். அப்பாவுக்கு ஆங்கில எழுத்து தெரியாது. ஆனால் பொறுமையாகக் கேட்டார்.

"அப்படின்னா, ஒங்கம்மா முந்தி எழுதுனதும் இப்ப எழுதுறதும் வேற வேற மாதிரின்றியா?"

"ஆமாப்பா. முந்தி உயிரெழுத்தே போடாது. இப்ப எல்லாத்தையும் போடுது."

"எப்ப இருந்து?"

"நம்பர் மாறுனதுல இருந்து."

அப்பா மிளகைக் கிளறுவதை நிறுத்தினார்.

"இப்படி எல்லா எழுத்தையும் போட்டு எழுதுறது யாரு?"

"படிச்சவங்க எல்லாரும் இப்படித்தாம்ப்பா எழுதுவாங்க. நம்ம அக்காகூட இப்படித்தான் எழுதும்."

நான் இதை அம்மாவுக்கான பாராட்டாகத்தான் சொன்னேன். அப்பா மெதுவாக, முதுகைப் பிடித்துக்கொண்டு, தரையில் உட்கார்ந்தார். உள்ளங்கை மிளகின் மேல் இருந்தது. நான் தாளைச் சுருட்டலாமா வேண்டாமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நல்லா செஞ்சிருக்க பாப்பா," என்றார் கடைசியில். "இத அக்காகிட்ட காட்டாத. அவ களச்சுப் போய் வருவா."

மறுநாள் காலை பஸ்ஸில் அக்காவிடம் காட்டிவிட்டேன். அவள் களைத்திருப்பது மாலையில்தானே, காலையில் இல்லையே என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். அக்கா தாளை மடியில் விரித்துப் பார்த்தாள். பதினொன்று, நாற்பத்திரண்டு என்ற இரண்டு எண்களின் மேலும் விரலை வைத்தாள். பஸ் ஒரு வளைவில் திரும்பும்வரை அப்படியே இருந்தாள்.

"அப்பாகிட்ட காட்டினியா?"

காட்டினேன் என்றால், அப்பா சொல்லியும் கேட்காமல் அக்காவிடம் காட்டியது வெளியே வந்துவிடும். அதனால், "இல்ல," என்றேன்.

"காட்டாத."

தாளை நாலாக மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். சேர் வேண்டாம் என்றார், அப்பா காட்டாதே என்றார், அக்கா வாங்கி வைத்துக்கொண்டாள். உலகத்தில் என் திறமையை மதிக்க ஒருவரும் இல்லை என்ற முடிவுக்கு நான் வந்த காலை அது.

அதற்குப் பிறகு வந்த மெசேஜ்களில் உயிரெழுத்து குறைய ஆரம்பித்தது. முதலில் முப்பது, பிறகு இருபது, பிறகு பழையபடி பத்துப் பன்னிரண்டு. எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு தூரம் வந்துவிட்டு அம்மா ஏன் பின்னால் போகிறாள் என்று புரியவில்லை. அவளுக்கே ஒரு மெசேஜ் அனுப்பினேன். 'அம்மா, நீங்கள் நன்றாக எழுதிக்கொண்டிருந்தீர்கள். இப்போது மறுபடியும் சோம்பேறித்தனம் வந்துவிட்டது. இப்படி எழுதினால் நான் பதில் போட மாட்டேன்.' அன்று பின்னேரமே பதில் வந்தது. கோபப்படாதே, இனிமேல் கவனமாக எழுதுகிறேன் என்று. அதிலும் உயிரெழுத்து இல்லை.

சாயங்காலங்களில் அப்பா போனை நீட்டி அக்காவிடம் கேட்பார், "மெசேஜ் வந்துச்சா?"

வந்திருந்தால் அக்கா வாசிப்பாள். அப்பா தலையைக் குனிந்து, ஒவ்வொரு சொல்லுக்கும் "ம்" சொல்லிக் கேட்பார். முன்பெல்லாம் மெசேஜ் வந்த நாளில் என்னிடம் இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்பவர், இப்போது என்னிடம் கேட்பதே இல்லை. அக்காவிடம்தான் கேட்டார். அதுவும் எனக்கு ஒரு மனக்குறை.

ஐந்து மாதம் இப்படிப் போனது. ஒரு செவ்வாய்க்கிழமை கிராம சேவகர் ஒரு கடிதத்தோடு தோட்டத்துக்கு வந்தார். சிங்களத்தில் இருந்ததை அவரே தமிழில் சொன்னார். அம்மா பத்து மாதத்துக்கு முன்பே ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டாள். நெஞ்சு வலி. உறவினரைத் தேடிக் கண்டுபிடிக்கத் தாமதமாகிவிட்டது.

நான் இல்லை இல்லை என்று கத்தினேன். நேற்றுக்கூட மெசேஜ் வந்தது என்று கொப்பியை எடுத்துக்கொண்டு வந்து கிராம சேவகரிடம் காட்டினேன். அவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா அக்காவைப் பார்க்காமல் நிலத்தைப் பார்த்தார். அக்கா சுவரோடு நின்றாள். இரண்டு பேரும் அழவில்லை. லயத்துச் சனம் எல்லாம் கூடி அழுதது. பக்கத்து வீட்டு அத்தை மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். என் அப்பாவும் அக்காவும் மட்டும் முன்பே தெரிந்த ஒரு பாடத்தை மறுபடி கேட்பவர்கள் மாதிரி நின்றார்கள்.

மேலும் மூன்று வாரம் கழித்துப் பெட்டி வந்தது. திறக்கக் கூடாது என்று சொல்லி ஆணி அடித்திருந்தார்கள். அம்மாவைப் புதைத்தோம் என்றுதான் நம்ப வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு நான் அக்காவோடு பேசவில்லை. அம்மாவுக்காக அழாதவளோடு எனக்கு என்ன பேச்சு. ஒரே பஸ்ஸில் போனோம், ஒரே பாயில் படுத்தோம். கேட்டால் தலையை ஆட்டுவேன். இரண்டு வருடம் அப்படியே இருந்தேன் என்பதை இப்போது நினைத்தால் எனக்கே நம்பிக்கை வரவில்லை. ஏன் என்று அக்கா ஒரு நாளும் கேட்கவில்லை. என் சீருடையைத் துவைத்தாள், சோற்றைக் கட்டித் தந்தாள், கடைக்குப் போய் வந்தாள்.

எனக்குப் பதினைந்து வயதானபோது, ஏதோ ஒரு சின்னச் சண்டையில், "நீ அழக்கூட இல்லியே" என்று கேட்டுவிட்டேன். உடுப்பு மடித்துக்கொண்டிருந்தவள் மடிப்பதை நிறுத்தவில்லை.

"நான் முந்தியே அழுதுட்டேன் பாப்பா. கடைல, போட்டோ கொப்பி மெசினுக்குப் பின்னால."

அப்போதுதான் சொன்னாள். அந்த ஏழு வாரத்தில் ஒரு நாள் கடைக்கு ஒரு வெளிநாட்டுக் கோல் வந்தது. பல்லேகம பக்கத்துச் சிங்களப் பெண் ஒருத்தி, அம்மா இருந்த வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் வேலை செய்பவள். அம்மா அவளிடம் இந்தக் கடையின் இலக்கத்தைக் கொடுத்து வைத்திருந்தாள். அம்மாவை அம்புலன்ஸில் கொண்டு போனார்கள், திரும்பி வரவில்லை, கேட்டால் யாரும் சொல்கிறார்கள் இல்லை என்று அவள் அழுதிருக்கிறாள். செத்துவிட்டாள் என்று சொல்லவில்லை. சொல்லாததைப் பிடித்துக்கொண்டு அக்கா சில நாள் இருந்தாள். ஏஜென்டுக்குப் போன் பண்ணினாள். அவளிடமும் பலமு என்றான். வீட்டில் அப்பா சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். கடையில் விற்காமல் கிடந்த ஒரு பழைய போனில் ஒரு சிம்மைப் போட்டு, முதல் மெசேஜை எழுதினாள்.

"ஒரு வாரத்துக்குன்னுதான் நெனச்சேன். அதுக்குள்ள உண்மையான செய்தி வந்துரும்னு. வரல. ஒவ்வொரு வாரமும் இந்த வாரம் சொல்லிரணும்னு நெனப்பேன். அப்பா வந்து மெசேஜ் வந்துச்சான்னு கேப்பாரு."

நான் திட்டி அனுப்பிய மெசேஜ் அவளுக்குத்தான் போயிருக்கிறது. கடையில் ஆட்கள் வரிசையாக நிற்க, கவுண்டருக்குக் கீழே போனை வைத்து, என் கோபத்துக்குப் பதில் எழுதியிருக்கிறாள், ஒவ்வொரு சொல்லிலும் உயிரெழுத்தைத் தேடித் தேடி எடுத்துவிட்டு.

"அப்பாகிட்ட சொல்லிறாத," என்றாள். "நாந்தான் எழுதுனேன்னு தெரிஞ்சா அவரு தாங்கமாட்டாரு."

நான் சொல்லவில்லை.

அக்கா பிறகு கல்யாணம் கட்டி, மாத்தளைக்கு வடக்கே நாலந்தா பக்கம் போய்விட்டாள். நான் படித்து, மாத்தளையில் ஒரு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். ஆயிரக்கணக்கான பெயர்களையும் முகவரிகளையும் எண்ணிப் பிழை பிடிக்கும் புரோகிராம்கள் எழுதுவது என் வேலை. அப்பா என்னோடு இருக்கிறார். போன வருடம் ஒரு நாள் கிளினிக்கில் இலக்கத்தை வைத்துக்கொண்டு காத்திருந்தோம். எங்கள் முன்னால் ஒரு பெண் போனைக் காதில் வைத்து, யாரோ வெளிநாட்டிலிருந்து பேச, சிரித்துச் சிரித்துப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்பா அவளையே பார்த்தார்.

"அன்னைக்கு நீ தாள விரிச்சுக் காட்டினப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு பாப்பா," என்றார்.

எதைச் சொல்கிறார் என்று உடனே புரிந்தது.

"ஒங்கம்மா இல்லன்னும் தெரிஞ்சுச்சு. பெரியவதான் எழுதுறான்னும் தெரிஞ்சுச்சு. கேட்டா அவ ஒடஞ்சு போயிருவா. நமக்காகத்தானே செய்றா. அதான் தெனமும் அவகிட்ட கேட்டேன், மெசேஜ் வந்துச்சான்னு. கேக்காம விட்டா எனக்குத் தெரிஞ்சுருச்சுன்னு கண்டுபிடிச்சுருவா."

"அக்காவுக்கு இன்னும் தெரியாதாப்பா, உங்களுக்குத் தெரியும்னு?"

அப்பா என்னை வினோதமாகப் பார்த்தார்.

"ஏன் தெரியாது? நாந்தான் ஒரு தடவ சொன்னேனே. ஒன்னோட கையாலதானே எழுதி அனுப்புன. அதுக்கப்புறமும் அவ ஒரு வார்த்த பேசல. இந்தப் பேச்சே வேணாம்னு நெனக்கிறா போலன்னு நானும் விட்டுட்டேன்."

எங்கள் இலக்கத்தைக் கூப்பிட்டார்கள். அப்பா எழுந்து உள்ளே போனார். நான் எழுந்திருக்கவில்லை. அதுவரை நான் ஒரு தடவைகூட நினைத்துப் பார்த்திராத ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்கு முன்னால் வந்து நின்றது.

கடிதம் வருவதற்கு ஒரு மாதம் முந்திய ஞாயிறு. அக்காவுக்கு அன்றும் கடை இருந்தது. அப்பா குளித்து, சுத்தமான சட்டை போட்டுக்கொண்டு, போனை எடுத்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அம்மாவுக்கு ஒரு மெசேஜ் எழுதணும். நான் சொல்றேன், நீ அழுத்து."

அப்பா அதுவரை ஒரு மெசேஜும் அனுப்பியதில்லை. நான் உற்சாகமாக உட்கார்ந்தேன். அவர் யோசித்து யோசித்துச் சொன்னார். நேரத்துக்குச் சாப்பிடு. ராத்திரியில் தூங்காமல் இருக்காதே. என் முதுகு இப்போது பரவாயில்லை. நீ செய்கிறது எதிலும் தப்பு இல்லை. எல்லாவற்றையும் நீ ஒருத்தியாகச் சுமக்காதே. இவ்வளவும் சொல்லிவிட்டு, கடைசியாக ஒன்று சொன்னார்.

"எனக்கும் தெரியும்னு போடு."

ஒரு மெசேஜில் நூற்று அறுபது எழுத்துதான் போகும். வெற்றிடமும் அதில் சேர்த்தி. போனின் மூலையில் மிச்சம் எத்தனை என்று ஒரு எண் குறைந்துகொண்டே வரும். அந்தக் கடைசி வாக்கியத்துக்கு வந்தபோது பன்னிரண்டுதான் மிச்சம் இருந்தது. அது முழுதாக வேண்டுமென்றால் பதினாறு எழுத்து வேண்டும். உயிரெழுத்தை விட்டு எழுதினால் இடம் போதும். ஆனால் அப்படி எழுதியதற்காக அம்மாவையே திட்டியவள் நான். அதோடு, என்ன தெரியும் என்று அப்பா சொல்லவே இல்லை. எதைத் தெரியும் என்று சொல்லாமல் தெரியும் என்று மட்டும் போட்டால் அம்மாவுக்கு ஒன்றும் விளங்காது என்று பட்டது. அது தேவையில்லாத வாக்கியம். அதை விட்டுவிட்டு அனுப்பினேன்.

அப்பா என் கையிலிருந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் சொன்னது எல்லாம் போயிருச்சா பாப்பா?"

"எல்லாம் போயிருச்சுப்பா," என்றேன்.